காலை ஐந்தரைக்கு முன் ஏற்றிய பதிவுகள்: ஒரு தளத்தின் நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய வட ஆற்காட்டு ஏரிகளை நடந்தே பார்த்து எழுதி வைத்தவர். பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது, மோர்தானா அணை வந்தபின் கவுண்டன்யா ஆற்றை நம்பியிருந்த ஏரிகளுக்கு என்ன ஆயிற்று, எந்த ஊரில் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி எந்த மதகை எப்போது திறப்பார் என்பதெல்லாம் அவருடைய நோட்டுகளில் இருக்கிறது. நான் அவரிடம் பள்ளியில் படித்தவள். இப்போது காட்பாடியில் கணினிப் பராமரிப்பு வேலை செய்கிறேன். அவர் எழுத்துக்கு ஒரு ஸ்டாட்டிக் தளம் அமைத்து, எழுதிச் சேமித்ததும் தானாக ஏறும்படி செய்தோம். அந்த ஏற்பாடு சில பதிவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ஏன் விட்டது, எப்படிக் கண்டுபிடித்தோம், பிறகு எதையெல்லாம் மாற்றினோம் என்பதை முழுதாக எழுதுகிறேன்.

இப்படித் தளம் அமைக்க நான் பார்த்த வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும், ஏற்றும் வேலை முடிந்ததைக் காட்டும் பச்சை டிக் வந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. பச்சை டிக் சொல்வதெல்லாம் இயந்திரம் தன் வேலையை முடித்தது என்பதை மட்டுமே. எழுதியவரின் எழுத்து வாசகர் கண்ணில் பட்டதா என்பது அதற்குத் தெரியாது. தனியாளாக எழுதுகிறவருக்கு அதைச் சொல்ல அலுவலகமோ குழுவோ கிடையாது. அதனால் அந்தச் செய்தியையும் இயந்திரமே சொல்லும்படி செய்துவைக்க வேண்டும்.

முன்பு இருந்ததும் சார் கேட்டதும்

அவருக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. வேர்ட்பிரஸில், கட்டணத்துக்கு இடம் தரும் ஒரு நிறுவனத்தின் சர்வரில். அமைத்துக் கொடுத்த இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். ப்ளக்-இன்களை யாரும் புதுப்பிக்கவில்லை. கொஞ்ச நாளில் மருந்து விளம்பரப் பக்கங்கள் உள்ளே முளைத்தன. பிறகு பணம் கட்டும் தேதி தவறியது, தளத்தோடு டேட்டாபேஸும் போனது. மிஞ்சியவை அவர் கணினியில் இருந்த வேர்டு கோப்புகள். அவையும் டிடிபி கடையில் வானவில் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்துவிட்டது; டிடிபி கடைகளில் பழைய குறியாக்கம் அதன் பிறகும் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்புகளை மாற்றியில் போட்டு, ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, வரிவரியாகத் திருத்தியதுதான் இந்த வேலையிலேயே அதிக உழைப்பு வாங்கியது.

சார் கேட்டது ஒன்றுதான். "எழுதினது என் கையிலயே இருக்கணும்மா. எந்தக் கம்பெனி போனாலும் இது போவக் கூடாது."

அதற்கு ஸ்டாட்டிக் தளம்தான் பொருத்தம். வேர்ட்பிரஸில் வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிஎச்பி நிரல் ஓடி, டேட்டாபேஸில் இருப்பதை எடுத்துப் பக்கத்தைக் கட்டித் தருகிறது. ஸ்டாட்டிக் தளத்தில் அந்தக் கட்டும் வேலை எழுதும் நேரத்திலேயே நடந்து முடிகிறது. சர்வரில் இருப்பவை வெறும் எச்டிஎம்எல் கோப்புகளும் படங்களும். உள்ளே புகுந்து கெடுக்க டேட்டாபேஸும் இல்லை, புதுப்பிக்க மறந்துபோகும் ப்ளக்-இன்னும் இல்லை. மூலம் ஒரு ஃபோல்டரில் எளிய உரைக்கோப்புகளாக இருக்கிறது. பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டால் எழுதியவை அத்தனையும் அதில் இருக்கும்.

மற்ற நிபந்தனைகள்: அவர் வீட்டு விண்டோஸ் கணினியில் பிரவுசரிலேயே எழுதி ஏற்ற முடிய வேண்டும், ஒவ்வொரு பதிவுக்கும் என்னைக் கூப்பிடும் நிலை கூடாது, டொமைன் பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தைத் தவிர வேறு செலவு வேண்டாம்.

எதைக் கொண்டு கட்டினோம்

எழுதுவது மார்க்டவுனில். 2004இல் வந்த எளிய குறியீட்டு முறை அது: தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரண்டு உடுக்குறி, அவ்வளவுதான். சாருக்கு ஒரு மாலையில் பிடிபட்டுவிட்டது. பதிப்பு வரலாற்றை வைத்துக்கொள்ள கிட். சேமிப்பிடம் கிட்ஹப். பக்கங்களைக் கட்ட 2008இல் வந்த ஜெகிலும் 2013இல் வந்த ஹ்யூகோவும் முன்னால் இருந்தன. ஜெகிலை எடுத்தால், பக்கங்களை வாசகருக்குத் தரும் கிட்ஹப் சேவையான கிட்ஹப் பேஜஸ் அதைத் தானே கட்டிக்கொள்ளும், தனி ஏற்பாடு தேவையில்லை. ஆனால் நம் கணினியில் கட்டிப் பார்க்க ரூபி மொழியையும் அதன் துணைப் பொதிகளையும் நிறுவ வேண்டும். ஹ்யூகோ ஒரே ஒரு இயக்கக்கோப்பு. சாருடைய பழைய கணினியிலும் வைத்த இடத்தில் ஓடியது. அதனால் ஹ்யூகோ.

ஏறும் வழி இப்படி. சார் கிட்ஹப் பக்கத்தில் கோப்பைத் திருத்திச் சேமிக்கிறார். உடனே, குறித்துவைத்த வேலைகளைத் தானாகச் செய்யும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எங்கோ ஒரு லினக்ஸ் கணினியை எழுப்புகிறது. அது மூலத்தை இறக்கி, நாங்கள் குறித்துவைத்த பதிப்பு எண்ணுள்ள ஹ்யூகோவை நிறுவி, தளம் முழுவதையும் கட்டி, கட்டியதை ஒரு பொதியாக கிட்ஹப் பேஜஸிடம் ஒப்படைக்கிறது. இப்படி ஓர் ஓட்டம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பதிப்பு எண்ணைக் கட்டாயம் பூட்டிவைக்க வேண்டும். "கடைசிப் பதிப்பு" என்று விட்டுவிட்டால், தளத்தின் வடிவமைப்பு பழையதாகவும் ஹ்யூகோ புதியதாகவும் ஆகி ஒருநாள் ஒத்துப்போகாமல் போகும். அப்படிப் போகிற நாளில் சார் தனியாக இருப்பார்.

டொமைன் வேலை எளிது. டொமைன் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் 185.199.108.153 முதல் 185.199.111.153 வரையிலான நான்கு முகவரிகளைக் கொடுத்து, கிட்ஹப் அமைப்புப் பக்கத்தில் டொமைன் பெயரைப் பதிந்தால் போதும். பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தானாக வருகிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது.

முகவரியில் மாவட்டம் வேண்டாம்

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாரின் நோட்டுகள் மாவட்ட வாரியாகப் பிரித்தவை. தளத்தின் முகவரியும் அப்படியே இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். முதலில் மாவட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் ஏரி.

இந்த மண்ணில் மாவட்டம் நிலையான பொருளல்ல. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, மற்றொன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆனது. பிறகு முன்னதற்கு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. சார் வட ஆற்காடு என்று எழுதிவைத்த காவேரிப்பாக்கம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஏரி நகரவில்லை, அதன் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தின் முகவரியில் மாவட்டத்தை வைத்துவிட்டு, அடுத்த பிரிவினையில் அதை மாற்றினால், அதுவரை மற்றவர்கள் பகிர்ந்த இணைப்புகள் அத்தனையும் அறுந்துபோகும்.

அதனால் முகவரியில் ஆண்டும் ஒரு குறும்பெயரும் மட்டுமே. மாவட்டம் ஒரு குறிச்சொல். ஒரே பதிவுக்கு வட ஆற்காடு, ராணிப்பேட்டை இரண்டையும் போடலாம். பழைய வேர்ட்பிரஸ் இணைப்புகளில் சார் எழுதிவைத்திருந்தவற்றை ஹ்யூகோவின் மாற்றுமுகவரி வசதியால் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட்டோம்.

குறும்பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று பேச்சு வந்தது. வைக்கலாம், ஹ்யூகோ ஏற்றுக்கொள்ளும். ஆனால் இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது பல செயலிகள் அதைச் சதவீதக் குறிகளாக மாற்றிவிடுகின்றன. தமிழின் ஒவ்வொரு குறியீட்டு எண்ணும் (எழுத்துக்கும் துணைக்குறிக்கும் ஒருங்குறி தரும் எண்) யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். "வேலூர்" என்பது உள்ளே ஆறு குறியீட்டு எண்கள், வெளியே 54 எழுத்துகள். வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பைப் பார்க்கிறவர் ஏதோ மோசடி என்று நினைத்துத் தொடமாட்டார். தலைப்பு தமிழில், முகவரி ரோமன் எழுத்தில் என்று முடிவெடுத்தோம். சாருக்கு இதில் மனவருத்தம் உண்டு. எனக்கும்தான்.

நிகழ்வு

தளம் ஏறிய பிறகு சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மே மாதம் வந்தது. வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார முடியாது. சார் எழுதும் நேரத்தை விடிகாலைக்கு மாற்றிக்கொண்டார். நாலு மணிக்கு எழுந்து, எழுதி, ஐந்து மணிவாக்கில் ஏற்றிவிட்டு நடைக்குப் போவார்.

அப்புறம் ஒரு நாள் போன் வந்தது.

"ஏம்மா, காலையில போட்டது இன்னும் வரல. பச்சை டிக்கு வந்திச்சி, நானே பாத்தேன்."

"எந்தப் பதிவு சார்?"

"இன்னைக்குப் போட்டதுதான். போன வாரமும் இப்படித்தான் ஆச்சி. நான் எதுவும் செய்யல, மறுநாள் இன்னொண்ணு போட்டப்போ முன்னாடி போட்டதும் கூடவே வந்துட்ச்சி. சாயங்காலம் போட்டா உடனே வருது. காலையில போட்டா அதுக்கு இன்னா ஆவுது?"

அந்தக் கடைசிக் கேள்வியிலேயே விடை இருந்தது. ஐம்பது ஆண்டுக் கால ஆவணங்களை ஒப்பிட்டுப் பழகியவருக்கு ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று கண்ணில் படும். தொழில்நுட்பம் தெரியாதவர் சொல்வதை நேரடியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த நிகழ்வில் நான் முக்கியமாக எண்ணுகிறேன். "வரவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் எங்கெங்கோ தேடியிருப்போம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஷ், அதாவது பிரவுசர் வைத்திருக்கும் பழைய நகல். கிட்ஹப் பேஜஸ் தரும் பக்கங்களைப் பிரவுசர் பத்து நிமிடம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு அனுப்பப்படுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் தீர வேண்டிய சிக்கல் மாலைவரை நீடித்தது. அது இல்லை.

அடுத்தது வரைவுக் குறி. ஹ்யூகோ கட்டளையால் புதுப் பதிவு உருவாக்கினால் தலைப்பகுதியில் "வரைவு: ஆம்" என்று தானே போட்டுக்கொள்ளும், அதை எடுக்காவிட்டால் பதிவு வெளியாகாது. சார் அந்தக் கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. பழைய கோப்பின் தலைப்பகுதியை நகலெடுத்துத் தலைப்பையும் தேதியையும் மாற்றுகிறார். வரைவுக் குறி "இல்லை" என்றே இருந்தது.

என் மடிக்கணினியில் பகலில் கட்டிப் பார்த்தபோது எல்லாப் பதிவும் வந்தது. பிறகு ஆக்‌ஷன்ஸ் பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும் என்ன நடந்தது என்ற குறிப்பைத் திறந்தோம். ஹ்யூகோ ஒவ்வொரு முறையும் கடைசியில் எத்தனை பக்கம் கட்டினேன் என்று ஓர் எண் தரும். மாலையில் ஏற்றிய நாட்களில் அந்த எண் கூடியிருந்தது. விடிகாலையில் ஏற்றிய நாட்களில் முந்தைய எண்ணே இருந்தது. அப்படியானால் கோப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டும்போது ஹ்யூகோ அதை வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறது.

பதிவேட்டை முழுதாக இறக்கிப் பார்த்ததும் தெளிந்தது. மே 10 காலை ஐந்து மணிக்கு ஏற்றிய பதிவின் ஓட்டத்தில் மே 9, 23:31 என்று நேரம் இருந்தது. அந்த லினக்ஸ் கணினி யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால்.

இனி விதியைப் பாருங்கள். ஒரு பதிவின் தேதி எதிர்காலத்தில் இருந்தால் ஹ்யூகோ அதைக் கட்டாது. அது குறையல்ல, முன்கூட்டியே எழுதி வைத்து உரிய நாளில் வெளியிட உதவும் வசதி. தேதியோடு நேரமண்டலம் எழுதாவிட்டால் யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கும் விதி. சார் தேதியை மட்டும் எழுதுவார்: ஆண்டு, மாதம், நாள். மே 10 என்றால் ஹ்யூகோவுக்கு அது மே 10 நள்ளிரவு, யுடிசி. நம் கடிகாரத்தில் காலை 5:30. ஐந்து மணிக்கு ஏற்றிய பதிவு அந்தக் கணினியின் கண்ணில் இன்னும் அரைமணி நேரம் கழித்து வரவேண்டியது. அதனால் விட்டுவிட்டு மற்றதைக் கட்டிப் பச்சை டிக் போட்டுவிடுகிறது. அரைமணி கழித்து யாரும் மறுபடி கட்டச் சொல்வதில்லை; அடுத்த பதிவு ஏறும்வரை அது அப்படியே கிடக்கும். மறுநாள் இரண்டும் சேர்ந்து வந்ததன் காரணம் இதுவே. வெயில் வராதிருந்தால் இந்தச் சிக்கல் எத்தனை காலம் மறைந்திருக்குமோ தெரியாது.

ஊகத்தோடு நிற்கக் கூடாது என்று, கடிகாரத்தை நாம் சொல்லும் நேரத்துக்கு வைத்துக் கட்டிப் பார்க்கும் வசதி ஹ்யூகோவில் இருப்பதைப் பயன்படுத்தினோம். மே 10, இந்திய நேரம் 5:29 என்று வைத்தால் பதிவு இல்லை. 5:31 என்று வைத்தால் பதிவு இருக்கிறது.

திருத்தம்

எதிர்காலப் பதிவையும் கட்டு என்று ஒரு வரி எழுதினால் இது தீர்ந்துவிடும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். எங்களுக்கு அது சரிப்படவில்லை. 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நாள். கோட்டையின் அகழிக்குத் தண்ணீர் வந்த வழியைப் பற்றி அந்த நாளில் வெளியிட சார் முன்கூட்டியே ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். விதியை நீக்கிவிட்டால் அது அன்றே வெளியே போய்விடும்.

எனவே தள அமைப்புக் கோப்பில் நேரமண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று குறித்தோம். தேதி மட்டும் எழுதினாலும் இனி அது இந்திய நள்ளிரவாகவே கணக்கிடப்படும். கடிகாரச் சோதனையை மறுபடி ஓட்டியபோது நள்ளிரவு தாண்டிய எந்த நேரத்திலும் பதிவு வந்தது.

இரண்டாவது, யாரும் எதுவும் ஏற்றாவிட்டாலும் தினம் ஒருமுறை தளத்தைக் கட்டும் ஏற்பாடு. இல்லையென்றால் ஜூலை 10க்குரிய கட்டுரை ஜூலை 10 அன்று யாராவது வேறெதையாவது ஏற்றினால்தான் வெளிவரும். யுடிசி 00:37 என்று வைத்தோம், நமக்குக் காலை 6:07. மணி தொடங்கும் நிமிடங்களில் நெரிசல் அதிகம், ஓட்டம் தாமதமாகலாம் என்பதால் இந்த ஒழுங்கற்ற நிமிடம்.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியம். கட்டி முடித்தபின் ஒரு சிறு சரிபார்ப்பு நிரல் ஓடுகிறது. இந்த முறை ஏற்றிய கோப்புகள் எவை என்று கிட்டிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய எச்டிஎம்எல் பக்கம் உண்மையாகவே உருவாகியிருக்கிறதா என்று பார்க்கிறது. தேதி இன்றைக்கோ அதற்கு முன்போ இருந்து பக்கம் இல்லாவிட்டால் ஓட்டத்தைத் தோல்வியாக முடித்துவிடும். சிவப்புக் குறி விழும், கிட்ஹப் மின்னஞ்சல் அனுப்பும். தேதி பின்னால் இருந்தால், "இந்தப் பதிவு ஜூலை 10 அன்று வெளியாகும்" என்று ஓர் அறிவிப்பு மட்டும். செய்திகளைத் தமிழிலேயே எழுதினோம். வாசித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சாருக்குப் புரிய வேண்டும், எனக்குப் புரிந்து பயனில்லை.

சத்தமில்லாமல் விடுபடும் மற்றவை

ஒன்று கிடைத்ததும் அதே இனத்தைச் சேர்ந்தவை வேறென்ன இருக்கின்றன என்று வரிசையாகத் தேடினோம்.

வடிவமைப்பு துணைமாட்யூலாக (வேறொரு கிட் சேமிப்பிடத்தைச் சுட்டும் இணைப்பாக) வைக்கப்பட்டிருந்தது. மூலத்தை இறக்கும் படியில் துணைமாட்யூலையும் சேர்த்து இறக்கு என்று சொல்லாவிட்டால் வடிவமைப்பு வராது. ஹ்யூகோ ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு வெற்றுத் தளத்தைக் கட்டி வெற்றி என்று சொல்லிவிடும். எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடு என்ற தெரிவைச் சேர்த்தோம்.

படங்கள். சாரின் கேமரா கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியான நீட்சியைப் பெரிய ஆங்கில எழுத்தில் வைக்கும், அவர் பதிவில் சின்ன எழுத்தில் அடிப்பார். விண்டோஸில் இரண்டும் ஒன்று, படம் தெரியும். லினக்ஸில் வேறு வேறு, படம் வராது. இதற்கும் பிழைச்செய்தி கிடையாது. படத்தைக் காட்டும் வார்ப்புருவில், கோப்பு கிடைக்காவிட்டால் பிழை என்று நிறுத்தும்படி எழுதினோம்.

குறிச்சொற்கள்தான் தமிழுக்கே உரிய சிக்கல். ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை என்று இரண்டு விதமாக அடித்தால் இரண்டு தனிப் பக்கங்கள் உருவாகி, பதிவுகள் பாதிபாதியாகப் பிரிந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. "கோட்டை" என்பதில் வரும் ஓகாரக் குறி ஒருங்குறியில் ஒரே எண்ணாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு எண்களாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே இல்லை. இயந்திரத்துக்கு இரண்டும் வேறு சொற்கள். பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டெண் வடிவம் நிறைய வந்திருந்தது. சார் புதிதாக அடிப்பவை ஓரெண் வடிவத்தில் இருந்தன. காலுக்குப் பதில் ரகரத்தை அடித்த இடங்களும் அகப்பட்டன. எல்லாக் கோப்புகளையும் ஓரெண்ணாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட குறிச்சொற்களின் பட்டியல் ஒன்றைத் தனிக் கோப்பாக வைத்தோம். பட்டியலில் இல்லாத குறிச்சொல் வந்தால் ஓட்டம் நிற்கும். புதிய குறிச்சொல் வேண்டுமானால் சார் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கிறார். கட்டுப்பாடு போலத் தோன்றினாலும் இதை அவர் மிகவும் விரும்பினார்; நூலகத்தில் அட்டவணை போட்டுப் பழகியவர்.

வரைவும் புகைப்படமும் யார் கண்ணுக்கு

கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் பேஜஸ் வேண்டுமென்றால் மூலச் சேமிப்பிடம் பொதுவாக இருக்க வேண்டும். வரைவு என்று குறித்த பதிவு தளத்தில் வராது, ஆனால் சேமிப்பிடத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் இருக்கும். ஏரிப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு, ஊர்ப் பெரியவர்கள் நம்பிச் சொன்ன செய்திகள் எல்லாம் சாரின் வரைவுகளில் உண்டு. ஒருவர் பெயரை வெளியிடுவதா வேண்டாமா என்று அவர் பல நாள் யோசிப்பார். அந்த யோசனை முடியும்வரை கோப்பு அவர் கணினியை விட்டு வெளியே வரக் கூடாது. வரைவுகளுக்குத் தனி ஃபோல்டர் வைத்தோம், அது கிட்டின் கண்ணில் படாது. ஜூலை 10 கட்டுரை போன்ற எதிர்காலத் தேதிப் பதிவுகளும் இப்படிப் பொதுவில் தெரியக்கூடியவையே; முன்பே யாராவது படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் அப்படி ஏற்றுகிறார்.

புகைப்படங்களிலும் இதே கவனம் வேண்டும். செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். ஹ்யூகோ படத்தைச் சிறிதாக்கும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடும். ஆனால் சேமிப்பிடத்தில் கிடக்கும் மூலப்படத்தில் அது அப்படியே இருக்கும். மதகின் இடம் தெரிவதில் கெடுதல் இல்லை. ஒருவர் வீட்டுத் திண்ணையில் எடுத்த படம் என்றால் வேறு. அதனால் ஏற்றும் முன்பே படத்தைச் சிறிதாக்கி விவரங்களை நீக்கும் சிறு நிரல் ஒன்றைச் சார் கணினியில் வைத்தோம். இதனால் அளவும் கட்டுக்குள் இருக்கிறது. பேஜஸ் தளத்துக்கு வரம்பு 1 ஜிபி; செல்போன் படங்களை அப்படியே ஏற்றிக்கொண்டே போனால் அதை எட்டுவது கடினமில்லை.

ஒப்படைப்பு

சேமிப்பிடமும் டொமைனும் சாரின் பெயரிலேயே பதிவாகியுள்ளன. நான் உதவியாளர் மட்டும். முந்தைய தளம் அழிந்தது இந்த இடத்தில்தான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. டொமைன் புதுப்பிப்புத் தேதி அவருடைய போனிலும் அவர் மகள் போனிலும் நினைவூட்டலாக இருக்கிறது. மாதம் ஒருமுறை முழு ஃபோல்டரும் ஒரு பென்டிரைவில் நகலாகிறது.

தினசரி ஓட்டத்தைப் பற்றி ஒன்று. பொதுச் சேமிப்பிடத்தில் 60 நாள் எந்த மாற்றமும் நடக்காவிட்டால் கிட்ஹப் நேரம் குறித்த ஓட்டங்களை நிறுத்திவிடும். சார் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்புவதைப் பார்க்க ஊர் ஊராகப் போய்விடுவார், எழுதுவது குறையும். அப்போது ஏற்கெனவே இருக்கும் பக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது. நாள் குறித்து வைத்த பதிவு மட்டும் தானாக வெளிவராது. அதற்காகக் கையால் ஓட்டத்தைத் தொடங்கும் பொத்தானையும் வைத்திருக்கிறோம். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, நின்றுபோன ஓட்டத்தை மறுபடி எப்படி இயக்குவது என்று எழுதி அச்செடுத்த தாள் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.